சாக்கெட்டில் உட்காரும், பட்டியலில் இருக்கிறதா?

(செவ்வாப்பேட்டையில் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் வேலை பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மூன்று மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இன்டெல் பிராசஸரின் தலையில் உட்காரும் கூலருக்கு நான்கு கால்கள். போர்டில் அவற்றுக்கு நான்கு துளைகள். எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் அந்தத் துளைகள் 75 மில்லிமீட்டர் சதுரத்தில் இருந்தன. 2021-ல் எல்ஜிஏ 1700 வந்தபோது அதை 78 ஆக்கிவிட்டார்கள். கடைப் பலகையில் பழைய கூலரையும் புதுக் கூலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பழையதைப் புதுப் போர்டில் வைத்து அழுத்தினால் இரண்டு கால் இறங்கும், மற்ற இரண்டு மல்லுக்கட்டும். பலமாக அழுத்தினால் நாலாவதும் இறங்கிவிடக்கூடும். அப்புறம் கூலரின் அடித்தட்டு பிராசஸர்மேல் சமமாகப் படியாது, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். சூடு ஏறும், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். புது சிஸ்டம் ஏன் இப்படி நத்தையாக ஓடுகிறது என்று வாங்கியவர் விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இன்று நான் பேசப்போவது இதைத்தான். முதன்முதலாக, கையில் இருக்கும் குறைந்த காசில், நாமே பாகம் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். எது வேகம், எது அழகு என்று யூடியூபில் ஆயிரம் பேர் சொல்வார்கள். எது எதோடு சேரும் என்பதுதான் முதல் தடவை வாங்குகிறவரைக் கவிழ்க்கும் இடம். சேர்வதிலும் மூன்று வகை உண்டு. துளைக்குள் போவது ஒன்று. போன பிறகு மின்சாரம் சரியாகக் கிடைப்பது இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தும், போர்டுக்குள் எழுதியிருக்கும் பயாஸ் அந்தப் பாகத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அது மூன்றாவது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது முதலாவது மட்டும்தான்.

வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்கள் எப்படி ஒன்றோடொன்று சேர்கின்றன என்று ஒரு பையன் கேட்டால் அது நல்ல கேள்வி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, அவசரத்தில், சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே அதைச் செய்தது. உள்ளே என்ன எப்படி இணைந்திருக்கிறது என்பதைப் புத்தகமாகவே அச்சிட்டு விற்றது. பிறர் பார்த்துச் செய்ய முடியாமல் மிஞ்சியது பயாஸ் ஒன்றுதான். காம்பாக் போன்ற கம்பெனிகள் அதையும், ஐபிஎம்மின் எழுத்தைத் தொடாமல், தாங்களே புதிதாக எழுதிக்கொண்டன. அன்றிலிருந்து பிசி யாருடைய தனிச்சொத்தாகவும் இல்லை. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போர்டைத் தாங்கும் திருகு எங்கே வர வேண்டும், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் நாம் வாங்கும் கேபினெட் அந்த வரைபடத்தின்படிதான் வருகிறது. ராமுக்கு ஜெடெக் என்ற அமைப்பு தரம் வகுக்கிறது. ஆக, முக்கால்வாசிப் பொருத்தம் நமக்காக முன்பே முடிந்துவிட்டது. மீதிக் கால்வாசியில்தான் நம் பணம் போகிறது.

இப்போது பிராசஸருக்கு வருவோம். இன்றைய சிக்கன சிஸ்டத்துக்கு இரண்டு பாதைகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். இன்னொன்று, இன்டெலின் எல்ஜிஏ 1700. இரண்டுமே பழசாகிக்கொண்டிருக்கும் சாக்கெட்டுகள். அடுத்த தலைமுறைக்கு ஏஎம்5 வந்துவிட்டது, இன்டெல் எல்ஜிஏ 1851-க்குப் போய்விட்டது. ஆனாலும் முதல் சிஸ்டத்துக்கு நான் பழையதைத்தான் சொல்வேன். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் போகும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்குச் சிப்பெல்லாம் போய்விட்டதால், செவ்வாப்பேட்டையில் கல்லூரிப் பையனுக்கு எட்டு ஜிபி வாங்குவது பாரமாகிவிட்டது. டிடிஆர்4-உம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் அது தெரிந்தவர் வீட்டில், பழைய சிஸ்டத்தில், எங்காவது அகப்படும்.

அடுத்து, கடையில் அதிகம் பேர் தடுமாறும் இடம், பிராசஸர் பெயரின் கடைசி எழுத்து. ஐ3-12100 என்பதும் ஐ3-12100எஃப் என்பதும் ஒன்றல்ல. எஃப் இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாமல் திரையில் படம் வராது. ஏஎம்4-இல் கணக்கு தலைகீழ். ரைசன் 5 5600ஜி என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் உண்டு, வெறும் 5600 என்றால் இல்லை. ஓரிடத்தில் எழுத்து இருந்தால் இல்லை, இன்னோரிடத்தில் எழுத்து இருந்தால்தான் உண்டு. யார் இப்படிப் பெயர் வைத்தார்களோ, அவர்கள் ஒருநாளாவது கவுன்டரில் நின்று பில் போட்டிருக்க மாட்டார்கள். எஃப் ரகம் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, "போர்டில் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதே" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஓட்டை போர்டுடையது. அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியது பிராசஸர்.

சாக்கெட் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இன்டெலே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசஸர்கள் எல்ஜிஏ 1151-இல் உட்கார்ந்தன. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறையும் எல்ஜிஏ 1151-தான். அதே எண்ணிக்கையில் தொடுமுனைகள், அதே அளவு. பழைய போர்டில் அழகாக உட்காரும், ஆனால் இயங்காது. அதற்கென்று 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். ஏஎம்டி பக்கமும் இது உண்டு. பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை ஓட வேண்டுமானால் பயாஸைப் புதுப்பித்திருக்க வேண்டும். பி550 வந்தபோது, அதே ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரக்கூடிய ரைசன் 3 3200ஜி அதன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. எல்ஜிஏ 1700-இலும், ஆரம்பத்தில் வந்த எச்610 போர்டு பன்னிரண்டாம் தலைமுறையை நேரே எடுத்துக்கொள்ளும். பதினான்காம் தலைமுறையைப் போட்டால், பயாஸ் பழசாக இருக்கும் வரை கறுப்புத் திரைதான்.

இதற்கு மருந்து சுலபம், காசும் ஆகாது. ஒவ்வொரு போர்டுக்கும் அதைச் செய்த கம்பெனி தன் தளத்தில் பிராசஸர் ஆதரவுப் பட்டியல் வைத்திருக்கும். எந்தப் பிராசஸர், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று வரிவரியாக இருக்கும். உங்கள் ஆலையில் டிராயிங் பார்க்காமல் யாராவது ஜாப்பைத் தொடுகிறீர்களா? அந்தப் பட்டியல்தான் நம் டிராயிங். போர்டின் பெயரை ஒரு எழுத்து விடாமல், கடைசியில் வரும் டி4, ஆர்2.0 உட்பட எழுதிக்கொண்டு, பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடையில் பயாஸ் பதிப்பைக் கேளுங்கள். பழசாக இருந்தால் அங்கேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வேறொரு பிராசஸரை வைத்து அவர்கள் சில நிமிடத்தில் செய்துவிடுவார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நம்மால் அது முடியாது. பிராசஸர் இல்லாமலே பயாஸை மாற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. நம் விலைக்கு வரும் போர்டுகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த டி4-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அது டிடிஆர்4 போர்டு என்பதைக் குறிக்கும். எச்610 சிப்செட் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் தாங்கும். போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் தாங்கும். இரண்டு ராமுக்கும் 288 முனைகள், நீளமும் ஒன்றே. நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளியிருக்கும். அந்த வெட்டுதான் நம்மைக் காப்பாற்றுகிறது, அதனால் ராம் இறங்கவில்லை என்றால் கட்டைவிரலால் பலப்பரீட்சை செய்யாதீர்கள். உள் கிராஃபிக்ஸை நம்பும் சிஸ்டமாக இருந்தால், பதினாறு ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். கிராஃபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லாததால் அது ராமிலிருந்துதான் எடுக்கும். இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியாக எடுக்கும். 5600ஜி-யில் விளையாட்டு ஓடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கேள்வியை இங்கே சொல்லிவிடுகிறேன். அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ல் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அந்த மடிக்கணினி பல வீடுகளில் அலமாரி மேலே கிடக்கிறது. அதிலிருந்து எதையாவது எடுத்துப் போட முடியுமா? ராம் ஆகாது, மடிக்கணினி ராம் குட்டை, தலைமுறையும் பழசு. உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஆகும். இரண்டரை அங்குலமாக இருந்தாலும் அதன் சாட்டா முனை டெஸ்க்டாப்பில் இருப்பதேதான். விண்டோஸை அதில் போடாதீர்கள், பொறுமை போய்விடும். படங்களையும் பாடல்களையும் வைத்துக்கொள்ள அது போதும்.

விண்டோஸ் போட எஸ்எஸ்டி வேண்டும். எம்.2 என்று கேட்டால் கடைக்காரர் சூயிங்கம் பட்டை அளவில் ஒன்றை எடுத்துத் தருவார். அகலம் 22, நீளம் 80 மில்லிமீட்டர், அதனால்தான் 2280 என்கிறார்கள். அந்த உருவத்திலேயே சாட்டா ரகமும் உண்டு, என்விஎம்இ ரகமும் உண்டு. முதலாவது நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், இரண்டாவது சில ஆயிரத்தைத் தொடும். என்விஎம்இ மட்டும் எடுத்துக்கொள்ளும் போர்டில் சாட்டா ரகத்தைச் சொருகினால் பயாஸில் பெயரே வராது. விலை வித்தியாசம் பெரிதில்லை. என்விஎம்இ வாங்கிவிடுங்கள், பேச்சு முடிந்தது.

இனி எஸ்எம்பிஎஸ். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் எல்லோரும் காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் மேல் 450 என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையைப் பாருங்கள். இன்றைய சிஸ்டத்தில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகின்றன. அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கிப் பாருங்கள், 192 வாட். 450 எங்கே, 192 எங்கே! நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் வரிசை மட்டுமே ஏறக்குறைய மொத்தத்தையும் தரும். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-க்கு உச்சத்தில் 89 வாட், 5600ஜி-க்கு 65 வாட் என்று கம்பெனியே சொல்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி ஒரு சிறிய கார்டுக்கு 75 வாட். நமக்கு வேண்டியது அதிகமில்லை. சொன்னதைத் தருகிற ஒன்று இருந்தால் போதும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற திறன் முத்திரையுள்ள, பெயர் தெரிந்த ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கப் பணம் போதவில்லை என்றால், பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாவதில்லை.

இங்கே இன்னொரு ஆபத்து. கழற்றி மாட்டும் கேபிள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸில், போர்டு பக்க முனைக்குத் தரம் உண்டு, எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. நண்பனுடைய வேறு கம்பெனிக் கேபிளை எடுத்து மாட்டினால் கச்சிதமாக உட்காரும். ஐந்து வோல்ட் போக வேண்டிய கம்பியில் பன்னிரண்டு போய் டிஸ்க் அந்த நொடியே எரியக்கூடும். கேபிள் எந்தப் பெட்டியில் வந்ததோ அந்தப் பெட்டியோடுதான் வாழ வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால் வீட்டு மின்சாரம் இருக்கிறது. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறதா? சிஸ்டத்தில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்றில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் கசியவிடும் மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் அது கேபினெட்டில் தங்கி நம் கைவழியாக இறங்கும். வாடகை வீடாக இருந்தாலும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள். யுபிஎஸ் விஷயத்தில், வழக்கமாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட். நம் சிஸ்டத்துக்குப் போதும். ஆனால் சில மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் கட்டைகட்டையான அலையை, ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ் ஏற்காமல் அணைந்துவிடும். வாங்கிய அன்றே, முக்கியமான வேலை எதுவும் திறந்திருக்காதபோது, சுவரில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் சொருகும் முனையில் முழுக் கார்டு, உள்ளே போர்டோடு பேசும் வழிகள், அதாவது லேன்கள், நான்குதான். ஒவ்வொரு வழியும் வேகமாக இருக்கும் பிசிஐஇ 4.0 போர்டில் அது குறையாகத் தெரியாது. 5600ஜி-யோ பிசிஐஇ 3.0-ஐத் தாண்டாது. போர்டு பி550 ஆக இருந்தாலும் தாண்டாது. பொருந்தும், ஓடும், காசு கொடுத்த வேகம் மட்டும் சில விளையாட்டுகளில் கிடைக்காது. 5600ஜி வாங்குகிறவர்கள், பின்னால் கார்டு போடும் திட்டமிருந்தால் இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆபீஸ் சிஸ்டம் வாங்கலாமா என்று பெற்றோர் கேட்பீர்கள். வாங்கலாம், தப்பில்லை. இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஓடும். நாலாம் தலைமுறை ஐ5 சல்லிசாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான். லினக்ஸ் போடுவதாக இருந்தால் அதுவே போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலேயே இருக்கிறது. இரண்டாவது, பெரிய பிராண்ட் ஆபீஸ் சிஸ்டங்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் முனை வழக்கமான 24 பின் இல்லை. எட்டு, ஆறு, பதினான்கு என்று அவரவர் இஷ்டம். ஏடிஎக்ஸ் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசினேனே, அது அங்கே செல்லாது. எஸ்எம்பிஎஸ் போனால் அதே ரகத்தைத் தேடி அலைய வேண்டும். இன்னொன்றும் விற்கிறார்கள், புத்தம்புது அட்டைப்பெட்டியில் எச்61 போர்டு. அந்தச் சிப்செட் 2011-ஐச் சேர்ந்தது, டிடிஆர்3 ராம்தான் போகும். பெட்டி புதுசு, சரக்கு பழசு.

வாங்கப் போவது சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். செவ்வாப்பேட்டை ரோட்டில் லோக்கல் ரயில் ஏறி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கி, சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அரசினர் தோட்டம். மவுண்ட் ரோட்டைக் கடந்தால் வந்துவிடும். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பட்டியலோடு போகிறவரிடம் அங்கே நியாயமாகத்தான் பேசுகிறார்கள். "நீங்க சொன்ன போர்டு இல்ல தம்பி, இதுவும் அதேதான்" என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது அதேதான். உங்கள் ராமுக்கும் பிராசஸருக்கும் அது அதேதானா என்று, அவர் கடை வாசலில் நின்றே, போனில் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். பதினெட்டு சதவீதம் மிச்சம் என்று தோன்றும். வாரண்டிக்கு அந்தக் காகிதம்தான் சாட்சி, விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேபினெட்டில் ஏற்றாதீர்கள். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள், பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் மாட்டுங்கள். பவர் சுவிட்சுக்கான இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் போதும். பயாஸ் திரை வந்த பிறகு கேபினெட்டுக்குள் போகலாம். அங்கே போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களை எண்ணிப் பாருங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் மிஞ்சி நின்றால் அது போர்டின் முதுகில் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். கார்டு போட்டவர்கள் மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள், போர்டில் அல்ல. எஃப் ரகப் பிராசஸர்காரர்கள் "சிஸ்டம் ஆன் ஆகலை" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் செய்வது பெரும்பாலும் இதற்காகத்தான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கேள்விகளைக் கேளுங்கள். போர்டின் பெயரை முழுசாகச் சொல்லிக் கேட்டால் முழுசாகப் பதில் சொல்கிறேன்.